5 டாலருக்குப் பன்றியா, பாஞ்சோவா? ஸ்டான்லி பிரதர்ஸ் குரல்களின் ரகசியம்

வணக்கம் மக்களே! அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை. க்ளிஞ்ச் மலைப் பக்கம் ஒரு சின்னப் பையன். அம்மா கையில் 5 டாலர்தான் இருக்கிறது. உறவுக்காரர் ஒருவரிடம் ஒரு பன்றியும், பாஞ்சோ என்கிற பழைய தந்தி வாத்தியம் ஒன்றும் விலைக்கு இருக்கின்றன. எதை எடுத்தாலும் 5 டாலர். உனக்கு எது வேண்டும் என்று அம்மா கேட்கிறார்.

அந்தப் பையனுக்குக் கால்நடை மருத்துவராக வேண்டும் என்று ஆசை. அப்படியும் பாஞ்சோவைத்தான் எடுத்தான். அவர்தான் ரால்ஃப் ஸ்டான்லி. பின்னாளில் எத்தனையோ முறை அவரே சொன்ன கதை இது. வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மாதான், லூசி ஸ்டான்லி.

இன்றைக்கு நாம் பார்க்கப்போவது ரால்ஃபும் அவருடைய அண்ணன் கார்ட்டரும் சேர்ந்து பாடிய பதிவுகளை. ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த வீடியோவுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

பின்கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கார்ட்டர் பிறந்தது 1925, ரால்ஃப் 1927. இரண்டு பேரும் ராணுவத்துக்குப் போய் வந்தார்கள். 1946இல் ‘க்ளிஞ்ச் மவுன்டன் பாய்ஸ்’ என்று குழு சேர்த்தார்கள். பிரிஸ்டல் நகர வானொலியில் தினமும் பாடிப் பெயர் வாங்கினார்கள். கிட்டார், பாஞ்சோ, மாண்டலின், பிடில், பெரிய பாஸ். பில் மன்றோ என்ற மாண்டலின் கலைஞர் தொடங்கிவைத்த இந்த இசைக்குப் பின்னால் வந்த பெயர்தான் ப்ளூகிராஸ். அவ்வளவுதான் பின்கதை.

(ஒலி: ‘த ஒயிட் டவ்’ பல்லவி, பத்து வினாடி)

கேட்டீர்களா? சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து பாடினால் குரல்கள் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அமெரிக்காவில் இதை ‘ரத்த ஹார்மனி’ என்றே சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரு உயிரெழுத்தை ஒரே மாதிரி வாயைத் திறந்து சொல்வார்கள். எங்கே மூச்சு விடுவான், எங்கே இழுப்பான் என்பது இன்னொருவருக்குத் தெரியும்.

ஆனால் ஸ்டான்லி சகோதரர்களின் குரல்களைத் தனித்தனியாகக் கேட்டுப்பாருங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கார்ட்டரின் குரல் தணிந்து, இதமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வரும். ரால்ஃபின் குரல் மெல்லிசாக, கூர்மையாக, மூக்கில் கொஞ்சம் ஏறி வரும். அது தேவாலயத்தில் வளர்ந்த குரல். அவர்கள் குடும்பம் ப்ரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அங்கே வாத்தியமே கிடையாது. ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் அதை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். ரால்ஃப் எந்தப் பாட்டைப் பாடினாலும் அந்தச் சபைக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும்.

ஆக, இந்தப் பதிவுகளில் நம் முதுகைச் சிலிர்க்க வைப்பது ரத்த உறவு மட்டும்தானா? இல்லை என்பதுதான் என் கட்சி. அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர் அங்கே இருந்தார். பீ வீ லாம்பர்ட். மாண்டலின் வாசித்தவர், பில் மன்றோவின் தீவிர ரசிகர். இந்த வீடியோவை எடுக்கக் காரணமே அவர்தான்.

அவர் செய்ததைச் சுரத்தை வைத்துச் சொல்கிறேன், சுலபமாகப் புரியும். கார்ட்டர் பாடும் மெட்டு ஓர் இடத்தில் ‘ச’வில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரால்ஃப் அதற்கு மேலே ‘க’வில் நிற்கிறார். அது டெனர். மூன்றாவது குரலுக்கு மிச்சம் இருப்பது ‘ப’. அது பாரிட்டோன். வழக்கமாக அந்த ‘ப’வை மெட்டுக்குக் கீழே, மந்திர ஸ்தாயியில் பாடுவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், மெட்டு நடுவில் பத்திரமாக இருக்கும்.

லாம்பர்ட் அதே ‘ப’வை ஒரு ஸ்தாயி தூக்கி, ரால்ஃபின் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்! ஏற்கெனவே ரால்ஃப் உச்சத்தில் நிற்கிறார். அவருக்கும் மேலே இன்னொரு ஆண்குரல். இதற்கு ‘ஹை பாரிட்டோன்’ என்று பெயர். அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்து மொட்டை மாடியில் வைத்த மாதிரி. விழுந்திருக்க வேண்டிய வீடு. விழவில்லை, அப்படியே மிதக்கிறது.

ஏன் மிதக்கிறது? மெட்டு இப்போது ஆக அடியில் இருக்கிறது. அதைத் தாங்க வேறு குரல் இல்லை. கீழே பாஸ் வாத்தியம் மட்டும் ஒற்றைத் தட்டாகப் போகிறது. குரல்கள் மூன்றும் ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் அந்தச் சத்தம் கணீரென்று அடிக்கிறது.

(ஒலி: ‘த லோன்சம் ரிவர்’, முதலில் சரணம், பிறகு பல்லவி)

‘த லோன்சம் ரிவர்’ பதிவானது 1950இல். சரணத்தில் கார்ட்டர் தனியாக ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறார். பல்லவி வந்ததும் மற்ற இரண்டு குரல்களும் மேலே திறந்துகொள்கின்றன. தனிமையைப் பற்றிய பாட்டில் மூன்று பேர் சேர்ந்து பாடுகிறார்கள், தனிமை இன்னும் அதிகமாகிறது! எனக்குத் தெரிந்து ப்ளூகிராஸில் இதைவிட அழகான பல்லவி கிடையாது. மறுப்பவர்கள் கமென்ட்டில் வாருங்கள், பேசுவோம்.

‘த ஒயிட் டவ்’ 1949இல் பதிவான பாட்டு. இரவில் காரில் ஊர் திரும்பும்போது கார்ட்டர் எழுதியது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், வெள்ளைப் புறா துக்கத்தில் அழும், மரங்கள் தலை கவிழும் என்று போகும். கார்ட்டர் அதை எழுதியபோது அவருடைய அப்பா அம்மா இருவரும் உயிரோடு இருந்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பையன், இன்னும் வராத ஓர் இழப்பை அவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறான்.

இந்த இரண்டு பாட்டும் கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியவை. 1949 முதல் 1952 வரை அங்கே அவர்கள் பதிந்தது மொத்தம் 22 பாட்டு. வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் பாடியவர்கள், ஆனால் என்னைக் கேட்டால் இந்த 22தான் சிகரம்.

நடுவில் ஒரு சண்டையும் உண்டு. ‘மாலி அண்ட் டென்புரூக்ஸ்’ என்று ஒரு குதிரைப் பந்தயப் பாட்டு. 1878இல் லூயிவில் நகரில் நிஜமாகவே நடந்த பந்தயம். பில் மன்றோ அதை 1947இல் பதிவு செய்தார், ஆனால் கொலம்பியா வெளியிடாமல் வைத்திருந்தது. அதற்குள் 1948இல் ஸ்டான்லி குழு அதே பாட்டைச் சின்ன நிறுவனம் ஒன்றில் பாடி வெளியிட்டுவிட்டது. பாடியவர் யார்? நம் லாம்பர்ட், அச்சு அசல் மன்றோ பாணியில்! அடுத்ததாகக் கொலம்பியாவே ஸ்டான்லி சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டதும் மன்றோவுக்குக் கோபம் தலைக்கேறியது. நிறுவனத்தை விட்டே போய்விட்டார். ஆனால் 1951இல் கார்ட்டரே மன்றோவின் குழுவில் கொஞ்ச காலம் பாடினார். எனக்கு அந்தப் பந்தயப் பாட்டு ரொம்ப முக்கியம். ஒருவருடைய பாணியை இன்னொரு குழு எடுத்துப் பாடிய அந்த இடத்தில்தான் ப்ளூகிராஸ் ஒரு தனி மனிதரின் சொத்தாக இல்லாமல் ஓர் இசை வகையாக மாறத் தொடங்கியது.

பிறகு லாம்பர்ட் குழுவை விட்டுப் போனார். 1960இல் அவர் இல்லாமல் வந்ததுதான் ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’. எழுதியவர் ஆல்பர்ட் பிரம்லி. சொந்த ஊருக்குத் திரும்பும் ஒருவனுக்கு அங்கே யாரையும் தெரியவில்லை, அவனையும் யாருக்கும் தெரியவில்லை. சரணத்தைக் கார்ட்டர் பேசுகிற மாதிரி பாடி முடிப்பார். பல்லவியில் ரால்ஃபின் குரல் மேலே எழும்பும். 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் பதிவைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கார்ட்டர் 1966 டிசம்பர் 1 அன்று, 41 வயதில் இறந்துபோனார். ரால்ஃப் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் குழுவை நடத்தினார். 2002இல், 75 வயதை ஒட்டி, வாத்தியமே இல்லாமல் பாடிய ஒரு பாட்டுக்கு கிராமி வாங்கினார். 2016இல் மறைந்தார்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ‘த லோன்சம் ரிவர்’ பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை கார்ட்டரை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை ரால்ஃபை. மூன்றாவது முறை அவருக்கும் மேலே போகும் லாம்பர்ட்டைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். பல்லவியில் எந்தச் சொல்லில் அவர் குரல் உங்களுக்குத் தனியாகக் கேட்டது என்று கமென்ட்டில் எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிப்பேன். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்கள். அடுத்த வீடியோவில் இன்னொரு அண்ணன் தம்பி ஜோடி, லூவின் பிரதர்ஸ்!