கால் வலி: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

[திரையில்: இரண்டு கால்கள், முழங்காலுக்குக் கீழே]

கால் வலித்தால் எவ்வளவு வலிக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். ரத்த ஓட்டப் பிரச்சினையில் அது பெரிதாக உதவாது. எப்போது வருகிறது, எப்போது விடுகிறது, ஒரு காலிலா இரண்டிலுமா, இதைக் கவனியுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த கால் திடீரென்று கடுமையாக வலித்து, வெளுத்து, மற்ற காலைவிடச் சில்லென்று ஆகி, மரத்துப்போய், விரலைக்கூட அசைக்க முடியவில்லை என்றால் தமனி, அதாவது இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்திருக்கலாம். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இதயத்தில் உருவான ரத்தக்கட்டி கீழே இறங்கி இப்படி அடைப்பதுண்டு. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரலாம். கருத்த தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது, உள்ளங்காலையும் நகத்தடியையும் பாருங்கள். ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்று இருக்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

[திரையில்: ஒரு ஆடுசதை மட்டும் வீங்கியிருக்கிறது]

அடுத்தது ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தக்கட்டி. ஒரு கால் மட்டும் வீங்கும், சூடாக இருக்கும், ஆடுசதை வலிக்கும். அண்மையில் அறுவை சிகிச்சை, பிரசவம், பல மணி நேரப் பயணம், புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், இருமும்போது ரத்தம் வந்தால், அதுவும் ஆம்புலன்ஸ்தான்.

இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் இதயம், சிறுநீரகம், அல்லது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

சரி, மெதுவாக வருவதைப் பற்றிப் பேசுவோம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும், மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வரும். காலில் தமனி சுருங்கியிருந்தால் இப்படித்தான் வரும். வயதாகிவிட்டது என்று நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள், வலியும் குறைந்ததுபோல இருக்கும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். காலில் தமனி சுருங்கியவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய பரிசோதனை இருக்கிறது. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் தமனி சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். புகைபிடிப்பவர்கள் இந்த அறிகுறியோடு நாள் கடத்தவே கூடாது.

ராத்திரி படுத்ததும் பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டால்தான் அடங்குகிறதா? நோய் நன்றாக முற்றிய நிலை அது, ஓரிரு நாளுக்குள் போய்க் காட்டுங்கள்.

[திரையில்: குதிகாலில் ஒரு சிறு புண்]

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நரம்பு மரத்திருந்தால் இந்த வலி எதுவுமே தெரியாமல் போகலாம், அதனால் பாதத்தைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். சின்னக் கொப்புளமோ புண்ணோ தெரிந்தால் ஆறட்டும் என்று விடக் கூடாது. விரல் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனை. மற்றவர்களுக்கும் 2 வாரத்தில் ஆறாத புண் என்றால் காட்டியே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் போனதும் இரண்டு காலையும் காட்டுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. எவ்வளவு தூரம் நடந்தால் வலி வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள்.