கடைசிப் பந்தியில் கிடைத்தவர்கள்: டெட்ரோயிட் அணி பையன்களைத் தேர்ந்தெடுத்த விதம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். ஐஸ் ஹொக்கியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, நம்முடைய ரொறன்ரோ அணி மேப்பிள் லீஃப்ஸைப் பற்றித்தான் பேச வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். இல்லை, உங்கள் விருப்பம் என்றார்கள். அப்பாடா என்றிருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் நான் இருந்தது வின்சரில். ஆற்றுக்கு அந்தக் கரையில் டெட்ரோயிட். அந்த ஊர் ரெட் விங்ஸ் ஆடுவதைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டே எனக்குப் பிடிபட்டது. பிறகு ரொறன்ரோவுக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அந்தப் பைத்தியம் விடவில்லை. லீஃப்ஸ் ரசிகர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யார் எத்தனை கோல் போட்டார் என்ற கதை இன்றைக்கு இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை அந்த அணி எப்படிப் பொறுக்கி எடுத்தது என்பதுதான் விஷயம். உங்களில் பலர் விடிய எழும்பி, சினோவைத் தள்ளி, பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐஸ் அரங்குக்குப் போகிறவர்கள். அங்கே ஒரு மூலையில் கையில் குறிப்புப் புத்தகத்தோடு யாராவது நின்றால் அன்றைக்குப் பெற்றோர்களின் முகமே வேறு மாதிரி இருக்கும், கண்டிருப்பீர்கள். ஸ்கவுட் வந்திருக்கிறார், ஸ்கவுட் வந்திருக்கிறார் என்று ஒரு முணுமுணுப்பு ஓடும். அணிக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைத் தேடும் அந்த ஸ்கவுட் என்ற மனிதரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ட்ராஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை இளம் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் பந்தி, நன்றாக ஆடிய அணிக்குக் கடைசிப் பந்தி. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 1995-இலிருந்து மேல் இடங்களுக்குக் குலுக்கலும் உண்டு. இப்போது 32 அணி, ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர். நான் சொல்லப்போகும் 1989-இல் 21 அணி, 12 சுற்று, 252 பெயர். முதல் பத்துப் பெயரைத்தான் தொலைக்காட்சி காட்டும், பத்திரிகை எழுதும். நான் அந்தப் பட்டியல்களை வெட்டி வைத்திருக்கிறேன். படிக்கும்போது அடியிலிருந்து மேலே படிப்பேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

டெட்ரோயிட் ஒரு காலத்தில் பரிதாபமான அணி. 1955-இல் லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சொந்த ஊர்க்காரர்களே அதைச் செத்த அணி என்று கேலி செய்தார்கள். 1982-இல் பீட்சா வியாபாரி மைக் இலிச் அதை வாங்கினார். அரங்கை நிரப்ப ஆட்டத்துக்கு ஒரு கார் பரிசாகக் கொடுத்த மனிதர் அவர். பொது மேலாளராக அவர் கொண்டுவந்தது ஜிம் டெவலானோவை. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, ஸ்கவுட்டாக இருந்து மேலே வந்தவர். அடுத்த வருடம் அவர்களுக்கு நாலாவது இடம் கிடைத்தது. அவர்கள் ஆசைப்பட்டது டெட்ரோயிட் பக்கத்திலேயே வளர்ந்த பாட் லாஃபொன்டைனை. அவரை மூன்றாவதாக நியூயோர்க் ஐலண்டர்ஸ் கொண்டுபோய்விட்டது. சரி, இருப்பவர்களில் நல்லவரை எடுப்போம் என்று ஸ்டீவ் ஐசர்மனை எடுத்தார்கள். அவர் பிறகு இருபது வருடங்களுக்குக் கிட்ட அந்த அணியின் தலைவராக இருந்தார். பாருங்கள், ஆசைப்பட்டது கிடைக்காமல் போனதால் வந்த அதிர்ஷ்டம். இந்த அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் இன்னும் பலமுறை சொல்லப் போகிறேன்.

இப்போது 1989. அந்த வருட ட்ராஃப்டில் முதல் பெயர் மாட்ஸ் சுண்டீன். ஆம், பிறகு நம்முடைய லீஃப்ஸ் தலைவராக இருந்த அதே சுண்டீன். கியூபெக் அணி எடுத்தது. ஐரோப்பாவிலிருந்து ஒருவர் முதல் இடத்தில் போனது அதுதான் முதல் தடவை. டெட்ரோயிட் முதல் சுற்றில் மைக் சிலிங்கரை எடுத்தது, இரண்டாம் சுற்றில் பொப் பவுனரை. இரண்டு பேரும் கனடியப் பிள்ளைகள், பல வருடங்கள் ஆடினார்கள். மூன்றாம் சுற்றில், 53-ஆவதாக, நிக்லஸ் லிட்ஸ்ட்ரொம் என்ற சுவீடன் பையன். நாலாம் சுற்றில், 74-ஆவதாக, சோவியத் இராணுவ அணியில் ஆடிக்கொண்டிருந்த செர்கே ஃபெதொரோவ். பதினோராம் சுற்றில், 221-ஆவதாக, விளாடிமிர் கொன்ஸ்டான்டினோவ்.

ஒரே நாள், ஒரே மேசை. லிட்ஸ்ட்ரொம் இருபது பருவம் ஆடி, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதை ஏழு முறை வாங்கினார். ஃபெதொரோவ் 1994-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். கொன்ஸ்டான்டினோவ் எதிரணி முன்வரிசையின் தூக்கத்தைக் கெடுத்தவர். இத்தனையும் ஒரு பின்னேரத்தில் கிடைத்தது.

எப்படி? சோவியத் பையன்களின் திறமை தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஃபெதொரோவை எல்லா அணிகளும் பார்த்திருந்தன. ஆனால் சோவியத் அரசு அவர்களை வெளியே விடாது. வர முடியாதவனுக்கு ஏன் ஒரு தேர்வை வீணாக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். டெவலானோவின் கணக்கு வேறு. நாலாம் சுற்றில் எடுக்கும் ஒரு கனடியப் பையன் என்.எச்.எல். வரைக்கும் வருவதே அபூர்வம். அந்தத் தேர்வு எப்படியும் வீணாகப் போகக்கூடியதுதான். அப்படியானால் வருவானோ மாட்டானோ, உலகத்தின் மிகச் சிறந்த பையனின் பெயரில் அதை வீணாக்கிப் பார்ப்போமே! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இழக்கப்போவது கொஞ்சம், வந்தால் வருவது மலையளவு.

வரவைத்த விதம் தனிக் கதை. 1990 கோடையில் சோவியத் அணி அமெரிக்காவுக்கு ஆட வந்தபோது, போர்ட்லண்டில் ஃபெதொரோவ் ஹோட்டலிலிருந்து நழுவினார். டெட்ரோயிட் ஆட்கள் இலிச்சின் சொந்த விமானத்தோடு காத்திருந்தார்கள். கொன்ஸ்டான்டினோவ் இராணுவ அதிகாரி, ஓடினால் குற்றம். ஆகவே மருத்துவர்களைக் கவனித்து, அவருக்குப் புற்றுநோய் என்று காகிதம் வாங்கி, இராணுவத்திலிருந்து விடுவித்தார்கள். சரியா பிழையா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட ஒரு காகிதம் எவ்வளவு பெறுமதி என்பது இந்த வானொலியைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1997-இல், 42 வருடத்துக்குப் பிறகு, கோப்பை டெட்ரோயிட்டுக்கு வந்தது. ஆறே நாளில் ஒரு லிமோசின் விபத்தில் கொன்ஸ்டான்டினோவ் தலையில் படுகாயமடைந்தார். அதோடு அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது.

அப்புறம் நம்முடைய கதாநாயகர். ஹோகன் ஆண்டர்சன், சுவீடன்காரர், மீன்பிடிக்க வரும் ஆட்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர். லிட்ஸ்ட்ரொம் காலத்தில் அணியின் சுவீடன் ஸ்கவுட் கிறிஸ்டர் ரொக்ஸ்ட்ரொம். அவர் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு 1990-இல் ஆண்டர்சன் வந்தார். 1994-இல் டொமாஸ் ஹோம்ஸ்ட்ரொம் என்ற பெயரைக் கொடுத்தார். 257-ஆவது தேர்வு. ஹோம்ஸ்ட்ரொம் அழகாகச் சறுக்குகிறவர் அல்ல, யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோலியின், அதாவது எதிரணி கோல் காப்பாளரின், கண்ணுக்கு முன்னால் போய் நின்றால் அவரை அசைக்க முடியாது. நாலு கோப்பை வென்றார்.

ஒரு தடவை ஆண்டர்சன் ரஷ்யாவில் டிமித்ரி கலினின் என்ற தடுப்பாட்டக்காரரைப் பார்க்கப் போனார். எல்லா அணிகளும் கண் வைத்திருந்த பையன். ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க, எதிரணியில் ஒரு சின்ன உருவம் பக்கை, அந்த ரப்பர் வட்டை, வைத்துக்கொண்டு கலினினையே சுற்றிச் சுற்றி வருகிறது. யார் இது? எகத்தரின்பேர்க் ஊர்ப் பையன், பாவெல் டட்சுக். அதற்கு முன்பே இரண்டு ட்ராஃப்டுகளில் எடுக்கப்படத் தகுதியான வயது இருந்தும் யாருமே எடுக்காமல் விட்ட பையன். கேட்டீர்களா, இரண்டு தடவை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் யாருக்காவது பிள்ளை தெரிவாகவில்லை என்ற கவலை இருந்தால், இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஆண்டர்சன் விமானத்தில் ஏறியபோது பனிப்புயல், விமானம் போகவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அதே விமானத்தில் இன்னொரு அணியின் ஸ்கவுட்டும் இருந்தாராம். புயல் அடித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். 1998 ட்ராஃப்டில் கலினின் 18-ஆவதாக பஃபலோவுக்குப் போனார். டட்சுக் 171-ஆவதாக டெட்ரோயிட்டுக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கும் மற்ற டெட்ரோயிட் ரசிகர்களுக்கும் சண்டை வரும். அவர்களுக்கு ஆண்டர்சன் ஒரு மேதை, முக்காலமும் அறிந்தவர். நான் கேட்பது இதுதான்: டட்சுக் இப்படி வருவார் என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால், ஆறாம் சுற்று வரைக்கும் ஏன் காத்திருந்தார்கள்? இடையில் வேறு யாராவது எடுத்திருந்தால்? லிட்ஸ்ட்ரொமுக்கு முன்னால் அதே மேசையில் இரண்டு பெயர் ஏன் போனது? தெரியாது, அதனால்தான். பதினெட்டு வயதில் யாரையும் யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. டெட்ரோயிட்காரர்கள் மற்றவர்களை விடக் கூர்மையாகக் கணித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்கள் போகாத அரங்கத்தில் போய் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். குளிரில், மூன்று விமானம் மாறி, பெயர் தெரியாத ஊரில். அங்கே போனவருக்குத்தான் புயல்கூட உதவி செய்யும்.

சரி, தம்பி மணியைக் காட்டுகிறார். வேகமாகப் போகிறேன்.

1999. அந்த வருடம் டெட்ரோயிட் தன் முதல் சுற்றுத் தேர்வை முன்பே கொடுத்து, சிகாகோவிலிருந்து அனுபவசாலியான கிறிஸ் செலியோஸை வாங்கியிருந்தது. ஆக, மிச்சம் மீதியில்தான் தேட வேண்டும். ஆண்டர்சனும் உதவி மேலாளர் ஜிம் நில்லும் மத்தியாஸ் வைன்ஹாண்டல் என்ற சுவீடன் பையனைப் பார்க்கப் போனார்கள். மறுபடியும் அதே கதை! பார்க்கப் போனது ஒருவரை, கண்ணில் பட்டது பக்கத்தில் நின்ற சின்னப் பையனை. எந்த நேரமும் பக் அவனிடம்தான். ஹென்ரிக் செட்டர்பெரி. வைன்ஹாண்டல் 78-ஆவதாக ஐலண்டர்ஸுக்கு, செட்டர்பெரி 210-ஆவதாக டெட்ரோயிட்டுக்கு.

எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம். ஒன்றும் செய்யவில்லை. ஊரிலேயே விட்டுவைத்தார்கள். லிட்ஸ்ட்ரொம் இரண்டு வருடம், டட்சுக் மூன்று வருடம், செட்டர்பெரி மூன்று வருடம் சொந்த நாட்டு அணிகளில் பெரிய ஆட்களோடு ஆடிப் பழகினார்கள். உரிமை டெட்ரோயிட்டிடம், சம்பளம் ஊர் அணியின் பொறுப்பு. டெட்ரோயிட்டில் ஐசர்மனும் ஃபெதொரோவும் ஆடிக்கொண்டிருந்தபோது புதுப் பையனுக்கு என்ன அவசரம்? தோற்கிற அணிக்கு இந்தப் பொறுமை வராது. முதல் இடத்தில் எடுத்த பையனை அடுத்த ஒக்டோபரிலேயே களத்தில் இறக்கி, இவன்தான் நம்மைக் காப்பாற்றப் போகிறான் என்று ஊருக்குக் காட்ட வேண்டும்.

2008 இறுதி ஆட்டத் தொடரை நான் ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன். எதிரே பிட்ஸ்பர்க். சிட்னி கிராஸ்பி முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர், கோலி ஃப்ளூரி முதல் இடம், மல்கின் இரண்டாம் இடம். இந்தப் பக்கம் டட்சுக் 171, செட்டர்பெரி 210, ஹோம்ஸ்ட்ரொம் 257, தலைவர் லிட்ஸ்ட்ரொம் 53. ஆறு ஆட்டத்தில் டெட்ரோயிட் வென்றது, பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்கள் முழுவதற்கும் சிறந்த ஆட்டக்காரர் செட்டர்பெரி. அடுத்த வருடம் அதே பிட்ஸ்பர்க் ஏழு ஆட்டத்தில் திருப்பிக் கொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தொலைபேசி மணி அடிக்கும்.

இந்த முறை இன்றைக்குச் செல்லுமா என்று விரிவாகப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. 2005-இல் சம்பள உச்சவரம்பு வந்தது, பணத்தால் வாங்குவது கடினமாகிவிட்டது. எல்லா அணிகளுக்கும் சுவீடனிலும் ஃபின்லாந்திலும் ஆள் இருக்கிறது, எந்தப் பையனின் ஆட்டமும் காணொளியில் கிடைக்கிறது. ஒளித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. ரேஞ்சர்ஸுக்குப் போன ரொக்ஸ்ட்ரொம் 2000-இல் 205-ஆவதாக ஒரு கோலியைச் சொல்லிக் கொடுத்தார், ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அந்த வித்தை டெட்ரோயிட்டின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. தொடர்ந்து 25 பருவம் பிளேஓஃபுக்குப் போன அணி 2017-இல் போகவில்லை. 2019-இல் ஐசர்மன் பொது மேலாளராகத் திரும்பி வந்து, முதல் தேர்வாக ஆறாவது இடத்தில் ஜெர்மனியின் மொரிட்ஸ் சைடரைச் சொன்னார். சைடரின் முகத்திலேயே அதிர்ச்சி தெரிந்தது. 2022-இல் அவர்தான் லீக்கின் சிறந்த புதுமுகம். ஆனால் ஆறாவது இடம் என்பது அடிப்பக்கம் அல்ல. 2020-இல் கடைசி இடத்தில் முடித்தும் குலுக்கலில் நாலாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதையும், அதில் கிடைத்த லூகாஸ் ரேமண்டையும் பற்றிச் சொல்ல இருந்தேன். தம்பி கையைக் காட்டிவிட்டார், செய்திகளுக்கு நேரமாகிவிட்டதாம். வணக்கம்.