முகாமுக்கு மூட்டை வேண்டாம்

வணக்கம், நேயர்களே.

தீபாவளி நெருங்கினால் மதுரைக்காரர்கள் பலருக்கு ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களின் நினைப்பு வந்துவிடும். 1983 ஜூலைக் கலவரம் தொடங்கி, போர் முற்றிய ஒவ்வொரு முறையும் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களும், இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். நாம் உடனே பீரோவைத் திறந்து பழைய துணியை மூட்டை கட்டுகிறோம். அதைப் பிரித்து, கிழிந்ததை ஒதுக்கி, அளவுவாரியாக அடுக்குவதிலேயே அங்கே பணி செய்யும் சிறு தொண்டு அமைப்பின் ஆட்களுக்கு ஒரு நாள் வேலை போய்விடும். ஒதுக்கியதை அப்புறப்படுத்த ஆட்டோ வாடகை வேறு.

அரிசியும் அவசரத் தேவையில்லை, ரேஷனில் வருகிறது. மாதப் பணக்கொடையும் உண்டு. 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. முட்டுக்கட்டை விழுவது ஜூன், ஜூலையில்தான். பெயிண்ட் அடிக்கவும் சித்தாள் வேலைக்கும் போகிற வீட்டில் கல்லூரிக் கட்டணத்தை மொத்தமாகப் புரட்ட முடியாது. அடகு வைக்க நிலமோ வீடோ கிடையாது. தீபாவளிக்கு வந்து குவிகிற இனிப்பு அந்தக் கெடு தேதிக்கு உதவாது. ஆகவே ஒரே தடவை 6,000 ரூபாய் தருவதைவிட, மாதம் 500 அந்த அமைப்புக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். முகாமில் மாலை வகுப்பு நடத்தும் அமைப்புக்கு, ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் போட அப்போதுதான் துணிச்சல் வரும். 'ஊழியர் சம்பளத்துக்கு என் பணம் போகக்கூடாது' என்று நிபந்தனை போடுகிறவர்கள் உண்டு. ஆசிரியர் இல்லாமல் நோட்டுப் புத்தகம் மட்டும் என்ன செய்யும்?

பணம் தருமுன் அமைப்பின் பதிவுச் சான்று, கடைசி ஆண்டுத் தணிக்கை அறிக்கை இரண்டையும் கேளுங்கள், தயங்காமல் காட்டுவார்கள். வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால், நன்கொடைக்குச் சலுகை தர அமைப்புக்கு வரித் துறையின் அனுமதி (80ஜி என்று சொல்லிப் பழகியது) இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. பான் எண்ணைக் கொடுத்து, ஆண்டு முடிந்ததும் அமைப்பிடமிருந்து நன்கொடைச் சான்றிதழ் வாங்குங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டு நிதி. அதற்கான பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொட்டால் சட்டச் சிக்கல்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற பெரிய அமைப்பும் அந்த நிதியைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. உள்ளூர்க் குழுக்கள் உள்ளூர்ப் பணத்தையே நம்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரில் போக விரும்பினால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அமைப்பின் வழியாகவே முன்கூட்டிக் கேளுங்கள். போகிற நாள் ஞாயிறாக இருக்கட்டும், மற்ற நாட்களில் பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.