655 பந்துகளுக்குப் பின்னால் நின்றவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1936 பிப்ரவரி 9 அன்று, நகோயாவை ஒட்டிய நருமி மைதானத்தில், ஜப்பானின் இன்றைய தொழில்முறை பேஸ்பாலுக்கு அடித்தளமிட்ட அணிகளில் இரண்டு முதன்முறையாக ஒன்றோடொன்று மோதின. நகோயா கோட்டையின் கூரை உச்சியில் மின்னும் பொன்மீனைத் தன் பெயரில் தாங்கிய கின்கோ அணி, டோக்கியோ ஜயன்ட்ஸை 10–3 என்று வென்றது. ஹோசெய் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பழகிய ஷிமா ஹிதேனோசுகே அந்தக் கின்கோ அணியின் ஆட்டக்காரர். அவரது ஆட்ட வாழ்க்கை நீளவில்லை. சில ஆண்டுகளிலேயே மட்டையை வைத்துவிட்டு நடுவரானார்.

நடுவராக அவர் நின்ற நாட்களில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1942 மே 24, போர்க்காலம், டோக்கியோவின் கோராகுவென் அரங்கம். அன்றைய மூன்றாவது ஆட்டத்தில் நகோயா அணியும் தையோ அணியும் பிற்பகல் 2.40-க்குக் களமிறங்கின. கின்கோ அணி 1941-இல் இன்னோர் அணியோடு இணைந்து பிறந்ததுதான் இந்தத் தையோ. அதாவது ஷிமா தம் பழைய அணியின் வாரிசுக்கே நடுவராக நின்றார். பேஸ்பாலில் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்றே ஓர் இன்னிங்ஸ்; ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில், தோல்வியின் விளிம்பில் இருந்த நகோயாவின் ஃபுருகாவா மைதான எல்லைக்கு மேல் பறக்கவிட்ட ஹோம் ரன் ஆட்டத்தை 4–4 என்று சமன்செய்தது. அதன்பின் 19 இன்னிங்ஸ்களில் எந்த அணியாலும் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. 28 இன்னிங்ஸ் முடிந்து 6.27-க்கு இருள் கவியத் தொடங்கியபோது ஆட்டம் சமநிலையிலேயே நின்றது.

நகோயாவின் நிஷிசாவா 311 பந்துகளும் தையோவின் நொகுச்சி ஜிரோ 344 பந்துகளும் வீசினார்கள். இருவருமே கடைசிவரை மாற்றப்படவில்லை. இந்த இருவரின் தோள்வலிமையைப் போற்றாதவர் இல்லை, போற்றவும் வேண்டும். ஆனால் நொகுச்சி வீசும்போது நிஷிசாவா நிழலில் அமர்ந்திருக்கலாம், நிஷிசாவா வீசும்போது நொகுச்சி அமர்ந்திருக்கலாம். பந்தைப் பிடிக்கும் கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்ற ஷிமாவுக்கோ அந்த ஓய்வு கிடையாது. 3 மணி 47 நிமிடங்களில் 655 பந்துகள் என்றால், இடைவேளைகளையும் சேர்த்தே ஏறத்தாழ 21 நொடிக்கு ஒரு பந்து. மட்டையில் படாத ஒவ்வொன்றையும் அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த ஸ்டிரைக்கா, விலகிப்போன பாலா என்று அந்தக் கணமே அவர் சொல்லியாக வேண்டும். அன்றைய உழைப்பில் அவருடையதே பெரிது என்பது என் துணிபு.

17 ஆண்டுகள் கழித்து, 1959 ஜூன் 25 இரவு, பேரரசர் நேரில் கண்ட ஆட்டத்திலும் அதே கோராகுவெனில் அதே இடத்தில் ஷிமாவே நின்றார். ஜயன்ட்ஸின் நாகஷிமா அடித்த வெற்றி ஹோம் ரன்னை, ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போனது என்றே பந்து வீசிய ஹன்ஷின் அணியின் முராயாமா கடைசிவரை சொல்லிவந்தார். இடப்பக்கக் கோட்டில் நின்ற நடுவர் தொமிசாவா அளித்த தீர்ப்பு மாறவில்லை.

1989-இல் ஷிமாவின் பெயர் ஜப்பானிய பேஸ்பால் புகழரங்கில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கே இடம்பெற்ற இன்னொருவர், அன்று அவர் கண்ணெதிரே 344 பந்துகள் வீசிய நொகுச்சி ஜிரோ.