வகுப்பறைக்குள் வராத வாடிக்கையாளர்

(‘பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவைப் பழக்க ஏற்ற இடம் பள்ளியா, பள்ளிக்கு வெளியேயா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘வெளியேதான்’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியின் ஆசிரியப் பெருமக்களே, சுண்டல் எப்போது வரும் என்று பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கும் பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என் சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிரணியில் மூன்று பேருமே ஆசிரியர்கள். நான் பாத்திரக்கடைக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 மதிப்பெண். தலைமையாசிரியை அம்மா மேடை ஏறியபோது என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நடுவர் கவனித்திருப்பீர்கள். பழக்கதோஷம், அதை வைத்து எங்கள் அணிக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.

அம்மா மூன்று அம்பு விட்டார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளைப் பார் என்றார்கள். பள்ளி என்றால்தான் ஏழைப் பிள்ளைக்கும் கிடைக்கும், வெளியே என்றால் காசுள்ளவனுக்குத்தான் என்றார்கள். கடைசியாக, ‘பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அனுப்புவது பழைய குலக்கல்வித் திட்டம்தானே’ என்று கேட்டார்கள். கைதட்டல் அதற்குத்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்தது என்ன? தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார்கள். மீதி நேரம் பிள்ளை வீட்டில் அப்பன் செய்கிற தொழிலைப் பழகட்டும் என்றார்கள். சலவைத் தொழிலாளி மகன் துணி வெளுக்கட்டும், குயவர் மகன் சக்கரம் சுற்றட்டும். தமிழ்நாடு கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போயிற்று. போனது நல்லது. அதில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் நான் கேட்பது அதுவா? பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் தொடவில்லை. சனிக்கிழமை, கோடை விடுமுறை, திருவிழா, அவ்வளவுதான். அப்பன் தொழிலையும் சொல்லவில்லை. குயவர் மகன் செல்போன் பழுது பார்க்கட்டும், வாத்தியார் மகள் மண்டியில் எலுமிச்சைக்குப் பேரம் பேசட்டும் என்கிறேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். என் மகன் சின்ன வயதிலிருந்தே என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் ‘நாளைக்குத் தருகிறேன்’ என்றால் வராது என்று அவனுக்குத் தெரியும். கட்டட வேலைக்குப் போகிறவரின் மகனுக்கு இதை யார் காட்டுவது? அவன் வீட்டில் கல்லாப்பெட்டி இல்லை. பள்ளியிலும் இல்லை. பொதுவாக ஓர் இடம் வெளியே இருந்தால்தான் அவனும் பார்க்க முடியும். அம்மா, குலத்தோடு கட்டிப்போடுவது எது, அவிழ்த்துவிடுவது எது? நீங்களே சொல்லுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், யாராவது எழுந்து கேட்பதற்குள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குள் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, பள்ளி விட்ட பிறகோ விடுமுறையிலோ வீட்டுத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம், அதுவும் ஆபத்தில்லாத தொழிலாக இருக்க வேண்டும். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் சேர்க்கக் கூடாது. இதில் ஒரு எழுத்தையும் மீறச் சொல்லவில்லை. நான் சொல்வது பிள்ளையை ஒருவரிடம் கூலிக்கு விடுவதை அல்ல. அந்தப் பிள்ளையே இரண்டு நாளைக்கு முதலாளியாக இருந்து பார்ப்பதை.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் நூலக மாடியில் கோடை விடுமுறைக்கு ஒரு வகுப்பு நடத்துகிறோம். வகுப்பு என்பது பேச்சுக்குத்தான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு 500 ரூபாய் கைமாற்று, வட்டி கிடையாது, விடுமுறை முடிவதற்குள் திருப்பித் தர வேண்டும். பாடம் அதோடு முடிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கோயில் திருவிழாவில் நன்னாரி சர்பத் போடுகிறேன் என்றாள். நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். நன்னாரிப் பாட்டில் 140, எலுமிச்சை 20 காய் 160, ஐஸ் 60, காகிதக் கோப்பை 50, தண்ணீர் கேன் 35, சப்ஜா விதை 30. மொத்தம் 475. ஐம்பது கோப்பை, பத்து ரூபாய் வீதம் 500. லாபம் 25. கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. பள்ளியாக இருந்திருந்தால் அங்கேயே ‘வெரி குட்’ போட்டுக் கையெழுத்திட்டிருப்பார்கள்.

திருவிழா அன்று காலை பத்து மணிக்கே ஐஸை வாங்கி வாளியில் போட்டுவிட்டாள். போணி ஆனபோது பன்னிரண்டு. ஐஸில் பாதி அதற்குள் தண்ணீராகிவிட்டது. சித்தப்பா வந்தார், பெரியம்மா வந்தார், அத்தை மகன்கள் வந்தார்கள். ஏழு கோப்பை ஓசியில் போயிற்று. ‘நம்ம பிள்ளை கடைதானே’ என்று சொல்லிக்கொண்டே குடித்தார்கள். இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு மணிக்கு எதிரில் ஒரு பந்தல் முளைத்தது. நீர்மோர்ப் பந்தல். இலவசம்!

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் கொத்தமல்லி, இஞ்சி தட்டிப் போட்டு, பெரிய அண்டாவில் ஜில்லென்று மோர், ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றுகிறார்கள். இவளிடம் யார் பத்து ரூபாய் கொடுப்பார்கள்? மாலையில் எண்ணினோம். விற்றது 38 கோப்பை, வரவு 380. நஷ்டம் 95 ரூபாய். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பந்தலுக்குக் காலையிலேயே கம்பு நட்டதை நான் பார்த்தேன். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி, ‘நீங்கள் எல்லாம் ஒரு பெரிய மனுஷரா’ என்று கேட்டாள். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இரவு எட்டரை மணிக்கு அந்தப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். ‘அங்கிள், நீர்மோர் எத்தனை மணிக்குத் தீரும்?’ என்று கேட்டாள். அண்டா என் கடையில் வாடகைக்கு எடுத்தது, அதனால் எனக்குத் தெரியும். மூன்றரைக்குத் தீர்ந்துவிடும் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்குத்தான் ஐஸ் வாங்கினாள். மீன்கடைக்காரரிடம் தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கி, சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தாள். நான் முகர்ந்து பார்த்தேன், லேசாக அயிலை வாடை இருந்தது, மூடி போட்டால் தெரியாது. கடையைப் பந்தலுக்கு எதிரில் போடவில்லை, தேர் திரும்புகிற முக்கில் போட்டாள். வடம் பிடித்து இழுத்தவர்கள் அங்கேதான் நின்று மூச்சு வாங்குவார்கள். விலை 15 ஆக்கினாள். அட்டையில் ‘உறவினர்க்கும் 15 ரூபாய்தான்’ என்று எழுதி மாட்டியிருந்தாள். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்து மூன்று கோப்பைக்குக் காசு கொடுத்தார். செலவு 390, விற்றது 46 கோப்பை, வரவு 690. முதல் நாள் நஷ்டம் போக, எங்கள் 500ஐத் திருப்பிக் கொடுத்த பிறகு அவள் கையில் 205 ரூபாய்.

நடுவர் ஐயா, நீர்மோர்ப் பந்தலுக்கு எதிரில் சர்பத் விற்காதே என்று எந்தப் பாடநூலில் இருக்கிறது? இருந்தாலும் அதற்கு ஐந்து மதிப்பெண் வினா வரும், ‘நீர்மோர்ப் பந்தலின் விளைவுகளை விவரி’ என்று. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகிற அந்நியர் மட்டும் இல்லை. தொழிலில் மற்றதெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் காசு கையில் வைத்திருப்பவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.

டெல்லிக்கு வருகிறேன். 2019இல் அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டம் வந்தது, 2021இல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்று பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 2000 ரூபாய் விதைப்பணம் கொடுத்தார்கள். அம்மா சொன்னது எல்லாம் சரி. இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அந்தப் பாடத்துக்கு மாணவருக்குப் பாடநூலும் இருக்கவில்லை, தேர்வும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவதே அந்த இரண்டும்தான். இரண்டையும் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே இந்தப் பாடத்தை நடத்த முடிந்தது. அப்புறம், அந்த 2000 ரூபாயை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் எங்கே போனார்கள்? வெளியே! இந்த அம்பை எங்கள் அணிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் ‘ஜூனியர் அச்சீவ்மெண்ட்’ என்று ஓர் அமைப்பு. 1919இல் தொடங்கியது. ஒரு தொலைபேசிக் கம்பெனித் தலைவர், ஒரு காகித ஆலை முதலாளி, ஒரு செனட்டர், மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் கூடி, பங்கு விற்று முதல் திரட்டி, பொருள் செய்து விற்று, கடைசியில் கம்பெனியைக் கலைத்துப் பங்குதாரருக்குக் காசைப் பிரித்துக் கொடுப்பார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் வெளியே நடந்த வேலை, 1975இல்தான் வகுப்பறைக்குள் நுழைந்தது. இதே மாதிரித் திட்டத்தை நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியின் ஒரு வளாகத்தில் கட்டாயப் பாடமாக வைத்தார்கள், இன்னொரு வளாகத்தில் வைக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொழில் திறன் கூடியதாகத் தெரியவில்லை, தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. அது கல்லூரி, கொஞ்சம் பெரிய பிள்ளைகள், ஒத்துக்கொள்கிறேன். எண்ணம் குறைந்தது அவர்களுக்கு நிதர்சனம் புரிந்ததால்கூட இருக்கலாம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருப்பம் இல்லாதவனையும் உட்கார வைத்து ‘முனைப்பாக இரு’ என்றால் எப்படி ஐயா வரும்? முனைப்பு என்ற சொல்லே தானாகக் கிளம்புவதைத்தானே சொல்கிறது?

நம் செட்டிநாட்டுக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டவர்கள். மீசை அரும்பும் முன்பே பையனைக் கப்பல் ஏற்றிப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் அனுப்பினார்கள். கிட்டங்கியில், அதாவது அவர்கள் வட்டிக்கடை நடத்திய இடத்தில், ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். எடுபிடி வேலை, கணக்கு எழுதுவது, வசூலுக்குப் போவது. அதில் தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். வட்டித் தொழிலை நான் புகழ வரவில்லை, அந்தப் பையன்கள் அம்மாவைப் பார்க்காமல் மூன்று வருஷம் அழுததையும் மறைக்கவில்லை. அதுவும் தங்கள் ஆட்களுக்குள்ளேயே சுற்றிய படிப்பு. ஆனால் படிகள் இருந்தன, தப்புச் செய்தால் பிடித்துக்கொள்ள மேலே ஒருவர் இருந்தார். அந்தப் படியை எல்லாச் சாதிப் பிள்ளைக்கும், பள்ளியை விட்டுவிடாமல், உள்ளூரிலேயே போட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

இனி காசுக் கணக்கு. அம்மா சொன்னதில் மிகவும் கனமானது இதுதான். இன்றைக்கு ‘இளம் தொழிலதிபர் முகாம்’ என்று ஏசி ஹாலில் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, கையில் மைக்கைக் கொடுத்து, டிவியில் பார்த்த மாதிரி ‘என் கம்பெனியின் மதிப்பு பத்துக் கோடி’ என்று பேச வைத்து, வீடியோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். அது வெளியே நடக்கிறது என்பதற்காக அதை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். அது பள்ளி ஆண்டு விழாவின் தம்பி.

நான் சொல்கிற வெளி வேறு. 1989இல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. இன்றைக்குக் குழு இல்லாத தெரு உண்டா? மாதம் ஒருமுறை அம்மாக்கள் கூடுகிறார்கள். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை. பல குழுக்களில் அந்தப் பேரேட்டை யார் எழுதுகிறார்கள் தெரியுமா? எட்டாவதோ பத்தாவதோ படிக்கிற மகள். யாருக்குக் கடன் எதற்கு, யார் தவணை தவறினார், தவறினால் மற்ற பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று பாயில் உட்கார்ந்து பார்க்கிறாள். கட்டணம் என்ன? ஒன்றும் இல்லை, தேநீரும் கிடைக்கும். அந்தக் குழுக்களோடு நூலகத்தையும் சேர்த்து, பிள்ளைகளுக்கு 500 ரூபாய்க் கைமாற்று ஏற்பாடு செய்தால் போதும், ஏழைப் பிள்ளைக்கு எட்டாது என்ற பேச்சே எழாது. பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே கையாள வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014லேயே சொல்லிவிட்டது. நம் தெருவில் எத்தனை பிள்ளைக்குக் கணக்கு இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பள்ளிக்கு நான் எதிரி இல்லை. அந்தப் பெண் 475 என்று கூட்டியது அம்மா போன்றவர்கள் சொல்லிக் கொடுத்த கணக்கில்தான். பள்ளியால் முடியாததையும் அதன் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன். ஒரு பிள்ளை 95 ரூபாய் நஷ்டப்பட்டு வந்து நின்றால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? பெற்றோர் வந்து சண்டை போடுவார்கள், மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அவர் மேல் தப்பில்லை, அவர் நாற்காலி அப்படி. நான் வாசலில் நின்ற பிள்ளைக்கு நீர்மோர் தீரும் நேரத்தைச் சொன்னதோடு சரி.

நடுவர் ஐயா, மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடிக்கிறேன். உங்கள் மேசையில் அப்போது ஒரு கோப்பை சர்பத் வைத்தார்களே, குடித்துவிட்டீர்கள், நானும் பார்த்தேன். விழாக்குழு கொடுத்தது என்று நினைத்திருப்பீர்கள். வாசலில் கடை போட்டிருக்கிறாள், இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். தீர்ப்பை யார் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். போகும்போது இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போங்கள். விலை ஏறிவிட்டது, நடுவருக்கும் அதேதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.