கண்ணீருக்கு விதித்த அபராதம்

அவையோர்க்கு வணக்கம்.

துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேச எழுபவர்கள் பெரும்பாலும் அரிஸ்டாட்டிலின் இலக்கணத்திலிருந்தே தொடங்குவார்கள். நான் அவர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்னர் ஏதென்ஸ் நகரம் விதித்த ஓர் அபராதத்திலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 494இல், ஆசியக் கரையிலிருந்த மிலேட்டஸ் என்னும் கிரேக்க நகரைப் பாரசீகப் படை வீழ்த்தியது. ஆடவர் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் பிள்ளைகளும் அடிமைகளாயினர். ஏதென்ஸ் மக்கள் அந்நகரத்தாரைத் தம் இனத்தாராகவே கருதியவர்கள். அவ்வழிவைப் பிரினிக்கஸ் என்ற கவிஞர் நாடகமாக்கி அரங்கேற்றியபோது அரங்கமே அழுதது என்றும், தம் சொந்தத் துயரை நினைவூட்டிய குற்றத்துக்காக நகரத்தார் அவருக்கு ஆயிரம் டிரக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது எனத் தடுத்தார்கள் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பார்ப்பவரை அழவைப்பதுதான் துன்பியலின் வேலை என்றால், இதைவிட வெற்றி பெற்ற நாடகம் வேறு இருக்க முடியாது. பிறகு தண்டம் எதற்கு?

விடை தேடுவதற்கு ஏதென்ஸின் மற்றொரு நாடகக் கவிஞரான ஏஸ்கிலஸின் ‘பாரசீகர்’ நாடகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது கி.மு. 472இல் அரங்கேறி முதற்பரிசு பெற்றது. கிரேக்கர் பாரசீகக் கப்பற்படையை முறியடித்த சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்க்க வந்தவர்களில் அப்போரில் துடுப்பு வலித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அரங்கத்துக்கு மேலே, குன்றின் உச்சியில், பாரசீகர் எரித்த கோயில்கள் நின்றிருந்தன. அவர்கள் முன்னே ஏஸ்கிலஸ் காட்டியது வெற்றி விழாவை அன்று. பகைவர் தலைநகரான சூசாவில், மகனின் செய்திக்காகக் காத்திருக்கும் அரசமாதாவையும், படைக்குச் சென்ற இளைஞரை எண்ணிக் கலங்கும் முதியோரையும் அவர் நிறுத்தினார். தூதன் வந்து, மாண்ட தலைவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். இறுதியில் மன்னன் செர்க்சஸ் கிழிந்த ஆடையோடு வந்து புலம்புகிறான். எரித்தவனின் துயரத்தை எரிக்கப்பட்டவர்கள் அமர்ந்து பார்த்தார்கள் என்பதே எனக்கு இன்றளவும் வியப்பாக இருக்கிறது.

இதே தோல்வியைத் தண்டம் கட்டிய பிரினிக்கஸும் முன்னரே நாடகமாக்கியிருந்தார். அவருடைய ‘பினீசியப் பெண்கள்’ நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் தொடக்கத்திலேயே ஓர் அரண்மனைப் பணியாளன், அவையினருக்கு இருக்கைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே தோல்விச் செய்தியைச் சொல்லிவிடுகிறான் என்று பழைய குறிப்பு ஒன்று தெரிவிக்கிறது. ஏஸ்கிலஸ் அச்செய்தியைத் தாமதிக்கிறார். முதியோரின் கலக்கம், அரசமாதாவின் தீக்கனவு, பிறகே தூதன். முடிவை அறிந்த பார்வையாளர், அறியாத மாந்தருக்காகக் காத்திருக்கிறார். துன்பியலின் அடிப்படை இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நம் தெருக்கூத்தில் கர்ண மோட்சம் பார்க்க விடிய விடிய அமர்ந்திருப்பவர்களுக்கும் கர்ணன் சாவான் என்பது தெரியும். தெரிந்திருப்பதனாலேயே, போருக்குப் புறப்படுபவன் மனைவி பொன்னுருவியோடு பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குக் கனக்கிறது. மிலேட்டஸ் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு விலகி நின்று பார்க்க இடைவெளியே இல்லை. அவர்கள் தங்கள் வீட்டு இழவுக்கே வந்திருந்தார்கள்.

அரிஸ்டாட்டில் இந்த இடைவெளியைக் கருதியே இரக்கத்தையும் அச்சத்தையும் ஒருசேரச் சொன்னார் போலும். தகாத துன்பத்துக்கு ஆளானவர்மேல் இரக்கம் பிறக்கிறது. அவர் நம்மைப் போன்றவர் என்பதால் அச்சம் பிறக்கிறது. தொல்காப்பியர் அழுகையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார். அரிஸ்டாட்டில் வேண்டுவதோ, ஒரே செயலின் திருப்பத்தில் இரண்டும் சேர்ந்தெழும் கதையமைப்பு. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு சோபோக்ளிஸ் என்ற கவிஞரின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகம். தந்தையென்று அறியாமல் தந்தையைக் கொன்று, தாயென்று அறியாமல் தாய் யோகாஸ்டாவை மணந்தவனின் கதை அது. கொரிந்திலிருந்து வரும் தூதன், தாயை மணக்க நேருமோ என்ற அச்சத்திலிருந்து ஈடிப்பஸை விடுவிப்பதாக எண்ணி, ‘கொரிந்தில் உன்னை வளர்த்தவர்கள் பெற்ற பிள்ளை நீ அல்ல’ என்கிறான். ஆறுதலாகச் சொன்ன அந்தச் சொல்லே உண்மையின் கதவைத் திறந்துவிடுகிறது. யோகாஸ்டாவுக்கு அக்கணமே எல்லாம் விளங்கிவிடுகிறது. மேலும் விசாரிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்காமல் போகவே உள்ளே சென்றுவிடுகிறாள். அவன் மட்டும் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் தூக்கிட்டுக்கொண்டதும், அவளுடைய ஆடை ஊசிகளால் அவன் தன் கண்களைக் குத்திக்கொண்டதும் மேடையில் காட்டப்படுவதில்லை. அவை ஒரு பணியாளின் வாய்ச்சொல்லாகவே நம்மை வந்தடைகின்றன.

பிளேட்டோ இத்தகைய நாடகங்களை ஐயத்தோடு பார்த்தார். சொந்தத் துயரில் அடக்கி வைக்கும் அழுகையை மேடைத் துயரம் தீனி போட்டு வளர்க்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அரிஸ்டாட்டிலின் மறுமொழி, தூய்மையாக்கல் என்று பொருள்படும் கதார்சிஸ் என்ற ஒரே சொல். அதற்குரிய விளக்கம் நமக்கு எஞ்சிய நூற்பகுதியில் இல்லை. ஆகவே அச்சொல்லை வைத்துப் பட்டிமன்றம் நடத்துவதைவிட, நாடகத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கும் பார்வையாளரைக் கவனிப்பது பயன் தரும். கண்ணிழந்து வெளியே வரும் மன்னனைக் கண்ட பாடற்குழுவினர், கேட்கவும் அறியவும் பார்க்கவும் எவ்வளவோ இருந்தும், உன்னைப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு நடுக்கம் என்கிறார்கள். ஆனாலும் அவர்கள் அகன்றுவிடுவதில்லை. எந்தத் தெய்வம் உன்னை இதற்குத் தூண்டியது என்று கேட்கிறார்கள். இத்துன்பங்களை முடித்துவைத்தவன் அப்பல்லோ, ஆனால் கண்ணைக் குத்தியது என் கையே, வேறெவர் கையும் அன்று என்கிறான் ஈடிப்பஸ். அந்த விடையில் தெய்வத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயலாமல் எவரும் அரங்கைவிட்டு எழுந்துபோக முடியாது. அழுகை அறிவை அடக்கிவிடும் என்ற பிளேட்டோவின் அச்சம் இந்நாடகத்தைப் பொறுத்தவரை செல்லாது என்றே நான் எண்ணுகிறேன்.