பேட்டரியில் பாடும் ஆம்ப்ளிஃபையர்

நேயர்களுக்கு வணக்கம். கரண்ட் போனதும் ஆம்ப்ளிஃபையரை இன்வெர்ட்டரில் ஓட்டுவதே வழக்கம். 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்குகிறது, அடாப்டர் அதை மறுபடி இறக்குகிறது. இரண்டு இடத்திலும் மின்சாரம் வீண். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஸ்பீக்கரில் ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியிலிருந்து நேரே கொடுப்பதே நல்லது.

டிபிஏ3116 சிப் உள்ள கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் போர்டு இதற்குப் பொருத்தம். 4.5 முதல் 26 வோல்ட் வரை அந்தச் சிப் ஏற்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 4 தொடராக இணைத்தால் 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6. செல்களோடு பிஎம்எஸ் போர்டு, அதாவது செல்களைக் காக்கும் சர்க்யூட், கட்டாயம் வேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: விளம்பரத்தில் வரும் 50 வாட் இதில் கிடைக்காது. அது 21 வோல்ட்டில் 4 ஓமுக்கான கணக்கு. நம் பேட்டரியில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 10 வாட், 4 ஓமுக்கு 20 வாட்டுக்குள். வீட்டுக் கூடத்துக்கு இது தாராளம்.

12 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 150 வாட்-மணி இருக்கும். செட் 8 வாட் இழுத்தால் 18 மணி நேரம் பாடும். 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதில் 5 மணி நேரம்தான்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி தயங்காமல் நூறு ஆம்பியரைக் கொட்டும், வயர் தீப்பிடிக்கும். ஃபியூஸ் ஆம்ப் பக்கம் இருந்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

ஸ்பீக்கர் மைனஸ் வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கக் கூடாது. பழைய செட்டுகளில் மைனஸ் என்பது எர்த். இதிலோ இரு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. சேர்த்தால் சிப் போய்விடலாம்.

பலரும் திணறுவது இரைச்சலில். புளூடூத் ரிசீவருக்கு அதே பேட்டரியிலிருந்து பக் கன்வெர்ட்டரில் (வோல்ட்டை இறக்கும் சிறு போர்டு) 5 வோல்ட் எடுத்தால், பாட்டு நின்றதும் 'கிர்ர்' என்று கேட்கும். ரிசீவரின் மின்னோட்டம் ஆடியோ கேபிளின் கிரவுண்ட் (மைனஸ்) வயர் வழியாகவும் திரும்புவதே காரணம். கெபாசிட்டர் மாற்றிப் பயனில்லை. பி0505எஸ் போன்ற, கிரவுண்டைப் பிரிக்கும் சிறு கன்வெர்ட்டரை நடுவில் போடுங்கள். அது 200 மில்லிஆம்பியர்தான் தரும். ரிசீவர் அதற்கு மேல் இழுக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். கன்வெர்ட்டர் கிடைக்காவிட்டால் ரிசீவருக்கு மட்டும் தனி பவர் பேங்க், அதோடு அந்த இரைச்சல் நின்றுவிடும். வணக்கம்.